தறியை எடுத்துவிட்டால் கதை நிற்குமா?

இன்று தமிழ் நாவலுக்கு வாசகர் தரும் பெரிய பாராட்டு, 'எங்க ஊரை அப்படியே எழுதியிருக்காங்க' என்பது. சோ. தர்மனின் 'சூல்' உருளைகுடிக் கண்மாயை அப்படியே கொண்டுவந்துவிட்டது என்கிறார்கள். தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' கொங்கு நாட்டுக் குடிநாவிதர் வீடுகளையும், அ. வெண்ணிலாவின் 'சாலாம்புரி' வட ஆற்காட்டு நெசவுத் தெருவையும் அச்சில் ஏற்றியிருப்பதாகச் சொல்கிறார்கள். இவற்றில் முதல் இரண்டும் 2019, 2023 ஆண்டுகளின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றவை. பாராட்டில் பொய் இல்லை. ஆனால் ஒரு நாவல் நல்லதா, சுமாரானதா என்று சொல்ல இந்த அளவுகோல் உதவுவதில்லை. வட்டார வழக்கும் சடங்குகளும் தொழிற்பெயர்களும் பிசகில்லாமல் அமைந்த மோசமான நாவல்கள் நம்மிடம் நிறைய உண்டு. நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. நாவலில் வரும் மனிதர்கள் எடுக்கிற முடிவுகளில் அவர்களுடைய பிழைப்புக்குப் பங்கு இருக்கிறதா? கதை நெசவாளியைப் பற்றியது என்றால், தறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தீப்பெட்டித் தொழிலையோ பீடி சுற்றுவதையோ வைத்துப் பார்க்கலாம். கதை கொஞ்சமும் அசையாமல் நின்றால் அங்கே தறி வெறும் அலங்காரம். கதை சரிந்துவிட்டால் அந்த நாவலாசிரியர் தொழிலை உள்ளபடி புரிந்துகொண்டிருக்கிறார்.

இந்தச் சோதனைக்கு நெசவு நாவல்களை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பெரணமல்லூர், தேவிகாபுரம், ஆரணி என்று நீளும் வட ஆற்காட்டு வட்டாரத்தில் பட்டுத் தறி பல வீடுகளின் நடுவில் இருக்கிறது. முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடைபோட்டுக் கொடுப்பார். நெய்து முடித்த சேலையை எடைபோட்டே வாங்குவார். தறிக்குழியில் உட்கார்ந்து நெய்பவர் ஒருவராகத் தெரிந்தாலும் தார் சுற்றுவதும் இழை பிணைப்பதும் வீட்டுப் பெண்கள், முதியவர்கள் கையில்தான். கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில் நெய்து கோக்கும் கோர்வைச் சேலை என்றால் கரையின் நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். நீண்ட காலம் அந்தக் கை பிள்ளைகளுடையதாக இருந்தது. முன்பணம் வாங்கியவர் அதை அடைக்காமல் வேறு முதலாளியிடம் போவது கடினம். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறும், வேலை நிற்கும். முகூர்த்தம் இல்லாத ஆடியில் கடைகளில் சேலை தேங்கும். அந்தத் தேக்கம் கூலியில் தெரியும். இப்படிப்பட்ட ஊரில் நெசவு நாவலைப் படிப்பவருக்கு ஒரு வசதி இருக்கிறது. பாவையும் ஊடையையும் எழுத்தாளர் குழப்பியிருந்தால் உடனே தெரிந்துவிடும். அந்த வசதியிலேயே ஆபத்தும் இருக்கிறது. தவறு கண்டுபிடித்ததும், அல்லது தவறே இல்லை என்று கண்டதும், படித்த வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

பழையதிலிருந்து தொடங்குவோம். தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-இல் வந்தது. திருநெல்வேலிச் சீமைக் கைத்தறி நெசவாளர்களின் கதை. செக் மொழிக்கும் போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நூல் தட்டுப்பாடும் பதுக்கலும் அந்த நாவலின் விசை. தறியை எடுத்தால் இந்தக் கதையில் ஒன்றும் மிஞ்சாது. நூல் கிடைக்காதது மற்றதையெல்லாம் நகர்த்துகிறது. அந்த வகையில் என் சோதனையில் அது முழு மதிப்பெண் வாங்குகிறது. ஆனாலும் இன்று அதைப் படிக்கும்போது, மனிதர்கள் பேசத் தொடங்கும் முன்பே அவர்கள் என்ன பேசுவார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. நெசவாளி நல்லவர், முதலாளி கெட்டவர், விடிவு போராட்டத்தில் என்ற வரைபடம் ஆட்களுக்கு முன்பே தயாராகிவிட்டது. ஆகவே தொழில் கதையை நடத்தினால் மட்டுமே நாவல் உயர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அது நிலைக்கதவு, வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது அதற்கப்புறம்.

எம்.வி. வெங்கட்ராம் எழுதி 1975-இல் வந்த 'வேள்வித் தீ' இதற்கு நேர்மாறான சிக்கலைத் தருகிறது. கும்பகோணத்து சௌராஷ்டிர நெசவுச் சமூகத்தில் பிறந்து, பட்டு ஜரிகை வியாபாரமும் பார்த்தவர் அவர். தறியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நாவலின் மையம் கண்ணன் என்ற நெசவாளியின் இல்லறமும் அதற்குள் நுழையும் இன்னொரு பெண்ணும். மூன்று பேருக்கு இடையிலான இந்தக் கதை எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியதுதானே, தறியை எடுத்தாலும் நிற்குமே என்று ஒருவர் கேட்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. கைத்தறி வீட்டில் மனைவி என்பவள் உழைப்பில் பாதி. அலுவலகம் போய்வருகிற கணவனுக்கு வீடு ஒரு உலகம், வேலை இன்னொரு உலகம். நெசவாளிக்கு அந்தப் பிரிவு கிடையாது. படுக்கிற இடத்துக்கும் தறிக்குழிக்கும் இடையே சில அடிகள்தான். அங்கே தாம்பத்தியம் விரிசல் கண்டால் வீட்டின் வருமானமும் அதே நாளில் விரிசல் காணும். மனம் விட்டுப் பேசாத இருவர் ஒரே பாவின் இரு முனைகளில் வேலை பார்த்தாக வேண்டும். 'வேள்வித் தீ'யில் உறவுகள் அவ்வளவு நெருக்கமாகவும் மூச்சுமுட்டும்படியாகவும் இருப்பதற்கு இந்த இடநெருக்கடி காரணம். வெங்கட்ராம் அதை விளக்கவில்லை, அவருக்கு அது காற்றைப் போல இயல்பு. தொழில் விவரங்களைக் குறைத்து எழுதியும் தொழிலின் பிடியைக் காட்ட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்த கட்டம் கொங்கு நாட்டில் நடந்தது. எம். கோபாலகிருஷ்ணன் 'அம்மன் நெசவு' நாவலில் நெசவுச் சமூகம் ஒன்றின் கதையைச் சொன்னார். 2004-இல் வந்த 'மணல்கடிகை'யில் பின்னலாடை நகரமான திருப்பூருக்கு வந்தார். சேர்ந்து வளர்ந்த ஐந்து நண்பர்களின் வாழ்க்கை பனியன் தொழிலின் வேகத்தில் இழுபடுகிறது. ஏற்றுமதிக் கெடு, இரவு வேலை, திடீரென்று வரும் பணம், அதே திடீரில் போகும் பணம் ஆகியவை நட்பையும் திருமணத்தையும் காமத்தையும் தம் போக்குக்கு வளைக்கின்றன. கைத்தறியின் காலம் மெதுவானது, திருப்பூரின் காலம் அவசரமானது. இந்த வேறுபாட்டை நாவலின் நடையே உணர்த்துவதால் இதைத் திருப்பூர் பற்றிய தகவல் தொகுப்பாகப் படிக்க முடியாது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998-லேயே சாயக்கழிவைப் பேசியது. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். நீதிமன்றத்துக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முந்தி நாவல் வந்துவிட்டது என்பது பெருமைதான். ஆனால் முன்கூட்டிச் சொன்னது பத்திரிகையாளருக்கான பாராட்டு, நாவலாசிரியருக்கு அது போதாது. இரா. பாரதிநாதனின் 'தறியுடன்' விசைத்தறித் தொழிலாளர் இயக்கத்தைச் சொல்வது. 2021-இல் வந்த 'சங்கத்தலைவன்' படத்துக்கு மூலம். அதில் ரகுநாதனின் வரைபடம் அறுபது ஆண்டு கழித்தும் ஓரளவு தங்கியிருக்கிறது. என்றாலும், விசைத்தறிக் கூடத்தில் இருப்பவர்கள் பசித்த முகங்களாக மட்டும் வராமல் திட்டுகிறவர்களாகவும் சிரிக்கிறவர்களாகவும் வருவது அதன் பலம். இரா. முருகவேளின் 'முகிலினி' இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. நாட்டுப் பிரிவினைக்குப் பிந்தைய பருத்தித் தட்டுப்பாட்டில் தொடங்கி, பவானிக் கரையில் செயற்கை இழை ஆலை எழுந்து, ஆற்றைக் கெடுத்து, மூடப்படுவது வரை அரை நூற்றாண்டுக்கு மேல் நீள்கிறது. இதில் தகவல் அதிகம் என்று குறைபட்டவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் தகவல் மிகுதி குற்றமே இல்லை. ஆலை திறந்தபோது நல்லதாக இருந்த முடிவே அடுத்த தலைமுறைக்குக் கேடாக முடிவதை, அதில் கூலி வாங்கிய குடும்பங்களைக் கொண்டே காட்டுவதற்கு அவ்வளவு தகவலும் தேவைப்படுகிறது.

இனி 'சாலாம்புரி'. வந்தவாசியிலிருந்து எழுதும் அ. வெண்ணிலா, சோழர் காலத்தை வைத்து 'கங்காபுரம்' எழுதிய பின் இதை எழுதினார். 1950-களின் வட ஆற்காட்டு நெசவு ஊரும் அங்கே வேர்பிடித்த திராவிட இயக்கமும் இதன் களம். பெரணமல்லூர்க்காரருக்கு இதன் நிலமும் பேச்சும் வாசல்படி தூரம். அதனாலேயே இந்த நாவலில் 'அப்படியே இருக்கு' என்ற பாராட்டை மறந்துவிட்டுப் படிக்க வேண்டியிருக்கிறது. அதன் உண்மையான துணிவு நெசவையும் கட்சியையும் ஒரே நூலாகப் பார்த்ததில் இருக்கிறது. வரலாறு அதற்கு இடம் தருகிறது. 1950-களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி விற்காமல் மலைபோல் தேங்கியது. முதலமைச்சர் ராஜாஜி வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று தில்லியிடம் வாதாடினார். மறுபக்கம் தி.மு.க. தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். ஒரு கட்சி நெசவுத் தெருக்களுக்குள் கொள்கையாக மட்டுமின்றித் துணி வாங்குகிறவராகவும் விற்றுத் தருகிறவராகவும் நுழைந்தது. இதை மறந்துவிட்டு எழுதினால் திராவிட இயக்கக் கதை மேடைப் பேச்சாகிவிடும். தறியிலிருந்து தொடங்கி எழுதினால், கோயில் உரிமை, சாதிப் பெருமை, சீர்திருத்தத் திருமணம் என்று எல்லாச் சண்டைகளும் ஒரே தெருவில் ஒரே வீட்டுக்குள் நடப்பதாகிவிடும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்காகவே 'சாலாம்புரி'யை முக்கியமான நாவல் என்பேன்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எழுத்தில் இடமே இல்லாமல் இருந்த மக்களுக்கு, தங்கள் வாழ்க்கை அச்சில் வருவதே பெரிய வெற்றி இல்லையா? 'அப்படியே எழுதியிருக்கிறார்' என்ற சொல்லைக் கேலி செய்ய, நூற்றாண்டுகளாக எழுதப்பட்டு வந்தவர்களால்தான் முடியும் என்று சொல்லலாம். இந்த மறுப்பில் நியாயம் உண்டு. தலித் வாழ்வைச் சொன்ன பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தபோது அதன் முதல் பயன் அதுவாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மறுப்புக்குப் பதிலும் அத்தகைய எழுத்திலேயே இருக்கிறது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-இல் வந்தது. தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதை. அது தங்களைத் தவறாகக் காட்டிவிட்டது என்று தலித் தரப்பிலிருந்தே கடுமையான விமர்சனம் வந்தது. அதாவது அடையாளம் காணும் அளவுகோலை வைத்தால் அந்த நாவல் பலரிடம் தோற்றது. இருந்தும் 30 ஆண்டுகள் கழித்து அது நிற்கிறது. காரணம், ஆரோக்கியத்தின் வீழ்ச்சி அவளுடைய வேலையின் வீழ்ச்சியாக எழுதப்பட்டிருப்பது. ஊர்ச்சோறும் களத்து நெல்லும் அவளுடைய உரிமைகள். ஊருக்குள் தையல் கடையும் சலவைக் கடையும் வரும்போது, துணியோடு சேர்ந்து அந்த உரிமையும் கைவிட்டுப் போகிறது. யாரும் அவளை விரட்டவில்லை. அவளுடைய தேவை குறைகிறது, அவ்வளவுதான். துணி வெளுப்பதை எடுத்துவிட்டு வேறு வேலையை வையுங்கள்; கதை ஒரு பக்கம்கூட நகராது.

'நம் ஊர் அப்படியே' என்ற அளவுகோலுக்கு இன்னொரு முகமும் உண்டு, அது அழகானதில்லை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்தது. நான்கு ஆண்டுகள் பெரிய சலனம் இல்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு வெடித்தது, பிறகு கடையடைப்பும் நடந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல் மாவட்ட நிர்வாகம் கூட்டிய பேச்சுவார்த்தைக்குப் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாக அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நாவலின் பக்கம் நின்றது. பிடிக்காதவர் படிக்காமல் இருக்கலாம் என்பது அதன் சாரம். எதிர்த்தவர்களின் வாதம் எளிமையானது: எங்கள் ஊர் இப்படி இல்லை. பாராட்டுகிறவர் சொல்வதும் இதே வாக்கியத்தின் மறுபக்கம்தான்: எங்கள் ஊர் இப்படித்தான். இரண்டு பேரும் நாவலை ஊர்ப் பதிவேடாக நினைக்கிறார்கள். ஒருவர் பதிவு சரி என்கிறார், மற்றவர் திருத்தக் கோருகிறார். காளியும் பொன்னாவும் குழந்தையில்லாத தம்பதியாக எதை இழக்கிறார்கள், காட்டையும் மாட்டையும் வைத்திருக்கும் குடியானவ வீட்டில் வாரிசு இல்லாமை ஏன் இவ்வளவு கனக்கிறது என்ற கேள்விக்கு இரு தரப்பிலும் இடமில்லாமல் போனது. நிலத்துக்கு யார் வாரிசு என்ற கேள்விதான் அந்தத் தம்பதியை நெருக்குகிறது. கொண்டாடுவதற்கும் கொளுத்துவதற்கும் ஒரே அளவுகோல் பயன்படுமானால் அதை மாற்றுவது வாசகர்களின் பொறுப்பு.

பிழைப்பே எல்லாமா, மனம் என்று ஒன்று கிடையாதா என்று கேட்பவர்களுக்கு இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலைக் காட்டலாம். 2018-இல் வந்தது, 2020-க்கான அகாதெமி விருது பெற்றது. பொறியியல் படித்த ரேவதி ஆட்டோ ஓட்டுபவரை மணக்கிறாள். தீக்காயங்களோடு ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறாள். அங்கே தறியும் இல்லை, வயலும் இல்லை. ஆசிரியர் குடும்பம், மாதச் சம்பளம், காத்திருப்பு. என் அளவுகோல் இங்கே உடைந்துவிடும் என்று முதலில் தோன்றலாம். ஆனால் தலைப்பிலேயே பணம் இருக்கிறது. மகளைப் படிக்க வைக்கவும் நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்கவும் சேர்த்த பணம், தீக்காயப் பிரிவின் வாசலில் எதற்கும் உதவாமல் நிற்கிறது. பணத்தால் ஆகாதது ஏதும் இல்லை என்று நம்பிய நடுத்தர வீட்டின் வாழ்க்கைமுறை முழுவதும் அங்கே சோதிக்கப்படுகிறது. ரேவதியின் பெற்றோருடைய அழுகைக்கு இவ்வளவு கனம் வருவதும் அதனால்தான். தொழில் என்று நான் சொல்வதை, சோறு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியாக விரித்துக்கொண்டால் போதும். மனத்தை மட்டும் எழுதுகிறேன் என்று தொடங்கி, அந்த மனிதர் மாதக் கடைசியில் வீட்டு வாடகை எப்படிக் கொடுக்கிறார் என்றே சொல்லாமல் முன்னூறு பக்கம் ஓட்டும் நாவல்கள் சமீபத்தில் பெருகிவிட்டன. அவற்றில் வரும் துயரம் யாருக்கும் சொந்தமாக இல்லாமல் மிதக்கிறது.

பட்டுத் தறிக்கு வருவோம். பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்' 2007-க்கான சிறந்த படத்துக்குரிய தேசிய விருதைப் பெற்றது. மகளைப் பட்டுச் சேலையில் மணமுடித்து அனுப்புவதாக வாக்குக் கொடுத்த நெசவாளி, முதலாளி வீட்டுப் பட்டு நூலை வாய்க்குள் ஒளித்துக் கடத்துகிறார். படத்தில் மிகையான இடங்கள் உண்டு. ஆனால் எடைபோட்டுக் கொடுத்து எடைபோட்டு வாங்கும் தொழிலில்தான் இந்தத் திருட்டுக்கே அர்த்தம் இருக்கிறது. தறியை எடுத்தால் படமே இல்லை. ஆரணி வட்டாரத்தில் இப்படி எழுதத்தக்கவை ஏராளம். 1985-இல் கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கிச் சட்டம் வந்தது, 1993-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆயினும் விசைத்தறிப் பட்டுச் சேலை கடையில் கைத்தறிச் சேலையோடு ஒரே அடுக்கில் கிடக்கிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. குறியீடு ஊருக்கு, கூலி ஆளுக்கு; இரண்டும் சேர்ந்தே உயர்வதில்லை. அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை நம்பி அடுப்பெரியும் தொழிலில், தன் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கிவிட்டு அந்தக் கடனுக்காகவே தறியை விட முடியாமல் இருப்பவர், பிள்ளை சென்னைக்கு வேலைக்குப் போனதால் கோர்வை நாடா தள்ள ஆளில்லாமல் டிசைனையே மாற்றிக்கொள்பவர் என்று கதைகள் தறிக்குள்ளேயே கிடக்கின்றன. இவற்றை எழுதுபவருக்குப் பட்டு நெசவின் கலைச்சொற்கள் அத்தனையும் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கணக்கு நோட்டு தெரிந்திருக்க வேண்டும்.

வட்டார நாவல்களைக் கையில் எடுக்கும் வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்து 'சாலாம்புரி'யைப் படிப்பதாக இருந்தால், அதற்கு முன் 'வேள்வித் தீ'யையும் 'கோவேறு கழுதைகள்' நாவலையும் படித்துவிடுங்கள். படிக்கும்போது இது எங்கள் தெருவா என்று தேடாமல், இந்த வீட்டில் இந்த மாதம் கூலி வந்ததா என்று தேடுங்கள்.